மேளம் வேண்டுமாம், மேளக்காரன் வேண்டாமாம்!



ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதக் கடைசியில் லண்டன் நாட்டிங் ஹில் தெருக்களில் இலட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். கரிபியத் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்குக் குடியேறிய மக்களின் கார்னிவல் திருவிழா அது. வண்ண இறகு அணிந்த ஆட்டக்காரர்கள், தெருவை அதிரவைக்கும் ஒலிபெருக்கிகள், எண்ணெய்த் தோம்பில் செய்த ஸ்டீல்பேன் இசை, எங்கும் கொண்டாட்டம். காவலர் ஒருவர் தொப்பியோடு ஆட்டம் போடும் படம் மறுநாள் பத்திரிகையில் வரும். அரசியல்வாதிகள் வாழ்த்துச் சொல்வார்கள். "பார்த்தீர்களா, எங்கள் பல்லினப் பண்பாட்டை!" என்று மார்தட்டுவார்கள்.

நல்லது. வாழ்த்தட்டும். ஆனால் ஒரு கேள்வி. அந்த மேளத்தை அடித்தவனுக்கு நீங்கள் செய்தது என்ன? அவன் தாத்தாவுக்குச் செய்தது என்ன? அவன் பாட்டன், பூட்டனுக்குச் செய்தது என்ன?

சிறுபான்மை மக்களின் பண்பாட்டை மேடை ஏற்றிக் கைதட்டுவது ஒன்று. அந்த மக்களின் உரிமையை மதிப்பது வேறொன்று. முதலாவதைச் செய்துவிட்டால் இரண்டாவதைச் செய்ததாகக் கணக்கெழுதிக்கொள்ளும் அரசுகள் உலகெங்கும் உண்டு. இந்தத் தந்திரத்தைப் புரிந்துகொள்ளக் கரிபிய மக்களின் இசை வரலாற்றைவிடச் சிறந்த பாடம் இல்லை. ஏனென்றால் இன்று அரசுகள் பெருமையோடு காட்டும் ஒவ்வோர் இசைக்கருவியின் பின்னாலும் ஒரு தடைச்சட்டம் இருக்கிறது. சட்டம் படித்தவன் என்ற முறையில் அந்தச் சட்டங்களை ஒவ்வொன்றாக உங்கள் முன் வைக்கிறேன்.

கரும்புத் தீயில் பிறந்த விழா

டிரினிடாட் தீவுக்குக் கார்னிவல் வந்தது பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளோடு. 1783க்குப் பிறகு அங்கே குடியேறிய அவர்கள், தவக்காலம் தொடங்குமுன் முகமூடி அணிந்து விருந்தும் நடனமுமாகக் களித்தார்கள். 1797இல் தீவு பிரிட்டிஷார் கைக்குப் போனது. ஆட்சி மாறினாலும் அடிமைமுறை மாறவில்லை. ஆப்பிரிக்க அடிமைகள் அந்த விருந்தில் பரிமாறலாம். விருந்தில் கலந்துகொள்ள முடியாது.

கரும்புத் தோட்டத்தில் தீப்பிடித்தால் நள்ளிரவாக இருந்தாலும் சங்கு ஊதி, சவுக்கைச் சொடுக்கி, தீப்பந்த வெளிச்சத்தில் அடிமைகளைக் கூட்டங்கூட்டமாக விரட்டி வந்து தீயை அணைக்கச் செய்வார்கள். அந்தக் கொடுமைக்கு 'எரிந்த கரும்பு' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் பெயர் இருந்தது. மக்கள் வாயில் அது 'கன்பூலே' ஆயிற்று.

1834இல் அடிமைமுறை ஒழிந்தது. 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டுகள் கட்டாய உழைப்பு வாங்கிவிட்டு, 1838இல்தான் உண்மையான விடுதலை கொடுத்தார்கள். விடுதலை பெற்ற மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எந்தத் தீப்பந்தத்தைக் காட்டித் தங்களை விரட்டினார்களோ அதே தீப்பந்தத்தைக் கையில் ஏந்தினார்கள். எந்தச் சங்கொலி கேட்டு நடுங்கினார்களோ அதே சங்கை ஊதினார்கள். மேளம் அடித்து, 'கலிண்டா' என்னும் கம்பாட்டம் ஆடி, தெருத்தெருவாக வந்தார்கள். அவமானத்தின் சின்னங்களையே வெற்றியின் சின்னங்களாக மாற்றினார்கள். முதலாளிகளின் கார்னிவல் மக்களின் கார்னிவல் ஆனது அப்படித்தான்.

ஆளும் வர்க்கம் சும்மா இருக்குமா? "காட்டுமிராண்டித்தனம்" என்றது. "ஆபாசம்" என்றது. "நகரத்தில் தீப்பிடிக்கும்" என்றது. 1880இல் காவல்துறைத் தலைவர் கேப்டன் பேக்கர், மக்களின் தீப்பந்தங்களையும் மேளங்களையும் கம்புகளையும் பறித்தார். அந்த ஆண்டு மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். 1881 பிப்ரவரியில் அவர் மறுபடியும் வந்தபோது விடவில்லை. போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருக்களில் கம்பாட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து காவல்துறையை எதிர்த்து நின்றார்கள். கடைசியில் ஆளுநர் ஃப்ரீலிங்கே மக்களிடம் வந்து பேசி, காவலர்களைப் பாசறைக்குள் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

1884: ஓர் ஆண்டு, இரண்டு மேளங்கள்

தெருவில் தோற்ற அரசு சட்டசபையில் வென்றது. 1884இல் 'அமைதிக் காப்புச் சட்டம்' வந்தது. தீப்பந்தம் ஏந்தக்கூடாது. மேளம் அடிக்க அரசு தடை விதிக்கலாம். கம்போடு பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது. கன்பூலே ஒழிக்கப்பட்டது.

அதே 1884இல் இன்னொரு சட்டமும் வந்தது. இதைத்தான் நம்மவர்கள் மறக்காமல் தெரிந்துகொள்ள வேண்டும்.

1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 144,000 இந்தியர்கள் டிரினிடாடுக்குச் சஞ்சிக்கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னையில் கப்பலேறிய நம்மவர்களும் அவர்களில் உண்டு. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் நியாயமான கூலி கேட்டபோது, கூலியைக் குறைக்க வந்தவர்களாக முதலாளிகள் இவர்களைப் பயன்படுத்தினார்கள். இரு சமூகங்களுக்கும் இடையே பகையை விதைத்தார்கள்.

இந்தியத் தொழிலாளர்களுக்கென்று இருந்த பெருவிழா 'ஹோசே' என்னும் முகரம் ஊர்வலம். அது ஷியா முஸ்லிம்களின் துக்கச் சடங்கு. ஆனால் அங்கே இந்துத் தொழிலாளர்களும் அதில் திரளாகக் கலந்துகொண்டார்கள். ஆப்பிரிக்க இளைஞர்களும் மேளமடிக்க வந்தார்கள். தாஸா மேளம் முழங்க, வண்ணக் காகிதமும் மூங்கிலும் கொண்டு செய்த தாஜியாக்களைத் தோட்டங்களிலிருந்து சுமந்து வந்து கடலில் விடுவார்கள். ஆண்டு முழுவதும் தோட்டத்தைவிட்டு நகர அனுமதிச் சீட்டு கேட்ட முதலாளிக்கு, இத்தனை ஆயிரம் பேர் ஒன்றாக நகரத்தெருவில் வருவது கண்ணை உறுத்தியது. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தங்கள் நடந்துகொண்டிருந்த காலம் வேறு.

எனவே, ஹோசே ஊர்வலம் நகரத்துக்குள்ளும் பெருஞ்சாலைகளிலும் வரக்கூடாது என்று 1884இல் விதிமுறை போட்டார்கள். தொழிலாளர்கள் மனுக் கொடுத்தார்கள். மனு குப்பைக்குப் போனது. 1884 அக்டோபர் 30ஆம் நாள், வழக்கம்போல் தாஜியாக்களோடு அவர்கள் சான் பெர்னாண்டோ நகரை நோக்கி வந்தார்கள். கலகச் சட்டத்தை வாசித்தார்கள். ஆங்கிலத்தில் வாசித்த சட்டம், தாஸா மேளச் சத்தத்துக்கு நடுவே, எந்தக் கரும்பு வெட்டியின் காதில் விழுந்திருக்கும்? அடுத்த கணம் துப்பாக்கிகள் வெடித்தன. பலர் மாண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். விசாரணைக்கு ஜமைக்காவின் ஆளுநர் சர் ஹென்றி நார்மன் வந்தார். அதிகாரிகள்மேல் குற்றமில்லை என்று அறிக்கை எழுதிவிட்டுப் போனார். ஆட்சிக்காரரை ஆட்சிக்காரரே விசாரித்தால் வேறென்ன தீர்ப்பு வரும்!

கவனியுங்கள் உறவுகளே. கறுப்பின மக்களின் மேளத்தைப் பறித்ததும் இந்தியத் தொழிலாளியின் மேளத்தைப் பறித்ததும் அதே அரசு, அதே ஆண்டு, அதே காவல்துறைத் தலைமை. இரண்டு மக்களையும் பகைவர்களாகப் பிரித்துவைத்தவன், அடக்கும்போது மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை! அடக்கப்பட்டவர்களோ இன்றுவரை 'உன் விழா, என் விழா' என்று தனித்தனியாக நினைவுகூர்கிறார்கள்.

"உன் இனத்தைத் தடைசெய்கிறேன்" என்று எந்தச் சட்டமும் சொல்லாது

இங்கே சட்டத்தின் தந்திரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1884ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல் தேவைப்படவில்லை. 'அமைதி' என்ற சொல் போதுமானதாக இருந்தது. அமைதி, சுகாதாரம், ஒழுக்கம், போக்குவரத்து, இரைச்சல் ஆகிய ஐந்து சொற்களை வைத்துக்கொண்டு எந்தச் சிறுபான்மையின் கோயிலையும் மேளத்தையும் ஊர்வலத்தையும் முடக்கிவிடலாம். கேட்டால், "சட்டம் எல்லாருக்கும் பொது" என்பார்கள். எல்லாருக்கும் பொதுவான சட்டம் ஒரே சாராரின் முதுகில் மட்டும் விழும்போது அதற்குப் பெயர் பாகுபாடுதான்.

இன்னும் பாருங்கள். ஆப்பிரிக்க மரபும் கிறிஸ்துவமும் கலந்த 'ஸ்பிரிச்சுவல் பாப்டிஸ்டு' என்னும் ஏழை மக்களின் வழிபாட்டை, 'கத்துவோர்' என்று இழிவாகப் பெயரிட்டு, 1917இல் டிரினிடாட் அரசு தடை செய்தது. காரணம்? இரைச்சலாம்! மணியடித்து, கையில் மெழுகுவத்தி ஏந்தி, உரத்துப் பாடி வழிபட்டது குற்றமாம். 34 ஆண்டுகள் அந்த மக்கள் காட்டிலும் மறைவிடத்திலும் கும்பிட்டார்கள். பிடிபட்டால் அபராதம் கட்டினார்கள். எல்டன் கிரிஃபித் போன்றவர்கள் ஓயாமல் மனுக் கொடுத்துப் போராடியதால் 1951 மார்ச் 30இல் சட்டம் நீக்கப்பட்டது. 1996 முதல் அந்த நாள் டிரினிடாடில் பொதுவிடுமுறை. போராடாமல் வந்த விடுமுறை அல்ல அது.

கலிப்ஸோ பாடகர்கள் வாயையும் விட்டுவைக்கவில்லை. கலிப்ஸோ என்பது ஏழைகளின் பத்திரிகை. ஆளுநரின் ஊழல், எண்ணெய்க் கம்பெனியின் கூலி, முதலாளி வீட்டு இரகசியம் எல்லாம் பாட்டாக வந்துவிடும். 1934இல் வந்த நாடக, நடன அரங்குச் சட்டம், பாட்டின் வரிகளை முன்கூட்டியே காவல்துறையிடம் காட்டி அனுமதி வாங்கச் சொன்னது. யோசித்துப் பாருங்கள், கவிதைக்குக் காவலர் மதிப்பெண் போடுவதை! அட்டிலா தி ஹன் என்ற பெயரில் பாடிய ரேமண்ட் கெவேடோ இந்தத் தணிக்கையைக் கலிப்ஸோவிலேயே கிண்டலடித்தார். அதோடு நிற்கவில்லை. 1946இல் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகர மன்றத்துக்கும் 1950இல் சட்டமன்றத்துக்கும் தேர்தலில் வென்று போனார். சட்டத்தைக் கிண்டலடித்த பாடகன் சட்டம் இயற்றும் இடத்திலேயே உட்கார்ந்தான். கலைஞன் என்றால் வரவேற்பு நடனத்துக்கு மட்டும் கூப்பிடும் ஆள் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

குப்பையிலிருந்து எழுந்த இசை

மேளத்தைத் தடை செய்தால் இசை செத்துவிடும் என்று நினைத்தார்கள். மக்கள் மூங்கிலை வெட்டினார்கள். வெவ்வேறு நீளத்தில் அறுத்து, தரையில் குத்தியும் ஒன்றோடொன்று தட்டியும் 'தம்பூ பம்பூ' என்னும் இசையை உண்டாக்கினார்கள். தம்பூ என்றால் பிரெஞ்சில் மேளம். மூங்கிலே மேளமாயிற்று. மூங்கில் வெடித்துக் கிழிந்தபோது பிஸ்கட் டின், சாயத் தகரம், குப்பைத் தோம்பின் மூடி என்று கையில் அகப்பட்டதை எல்லாம் தட்டினார்கள். 1930களின் பிற்பகுதியில் தகரக் குழுக்கள் தெருவுக்கு வந்தன. தகரத்தில் ஓரிடம் குழிந்தால் ஒரு சுரம், இன்னோர் இடம் குழிந்தால் வேறு சுரம் என்று அந்த இளைஞர்கள் கண்டுகொண்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் எண்ணெய்க் கம்பெனிகளும் அமெரிக்கப் படைத்தளமும் கழித்துப் போட்ட 55 காலன் எண்ணெய்த் தோம்பு கிடைத்தது. அதன் அடிப்பகுதியைச் சம்மட்டியால் குழிவாக்கி, நெருப்பில் காய்ச்சி, சுரம் சுரமாகச் செதுக்கினார்கள். வின்ஸ்டன் 'ஸ்ப்ரீ' சைமன், எல்லி மனெட், அந்தோணி வில்லியம்ஸ், பெர்டி மார்ஷல் ஆகியோர் இசைக்கல்லூரியில் படித்தவர்கள் அல்லர், சேரி இளைஞர்கள். இருபதாம் நூற்றாண்டு உலகுக்குக் கொடுத்த மிகச்சிறந்த இசைக்கருவிகளில் ஒன்று அந்தச் சேரியில் பிறந்தது.

அன்று அவர்களுக்குக் கிடைத்த பட்டம் என்ன? 'ரவுடிகள்.' காவல்துறை துரத்தியது, பத்திரிகை தூற்றியது. இவ்வளவும் போதாதென்று, அவர்கள் இனத்திலேயே கொஞ்சம் படித்து மேலே வந்த குடும்பங்கள், "பேன் அடிக்கும் இடத்தில் உன்னைக் கண்டால் தோலை உரித்துவிடுவேன்" என்று பிள்ளைகளை மிரட்டின.

1951இல் 'பிரிட்டன் விழா'வுக்காக டிரினிடாடின் பல குழுக்களிலிருந்து பொறுக்கியெடுத்த 11 பேரைக் கொண்ட 'தாஸ்போ' குழு லண்டனுக்குப் போனது. அனுப்பும் செலவுக்கு ஊரே நிதி திரட்டியது. லெப்டினன்ட் ஜோசப் கிரிஃபித் அவர்களைப் பழக்கினார். லண்டன் தென்கரையில் அவர்கள் வாசித்ததும் கேட்டவர்கள் அசந்துபோனார்கள். வெள்ளைக்காரன் கைதட்டிய பிறகு சொந்த ஊர் மேட்டுக்குடிகளும் கைதட்டினார்கள்! இதுவும் நமக்குப் பழக்கப்பட்ட நோய்தானே?

1992இல் ஸ்டீல்பேன் டிரினிடாட் டொபேகோவின் தேசிய இசைக்கருவி ஆனது. 2023இல் ஐ.நா. பொதுச்சபை ஆகஸ்டு 11ஐ உலக ஸ்டீல்பேன் நாளாக அறிவித்தது. 2024இல் அந்நாட்டு அரசு இன்னொன்றும் அறிவித்தது: நாட்டின் அரசுச் சின்னத்தில் இருக்கும் கொலம்பஸின் மூன்று கப்பல்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்டீல்பேனை வைப்பது. 2025இல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. அடிமையாக்க வந்தவனின் கப்பல் போய், அடிமைகளின் பேரப்பிள்ளைகள் தட்டிய தோம்பு வந்தது. வரலாற்றைத் திருத்துவது என்றால் இதுதான்.

பாட்டுக்கும் திருடன் உண்டு

பண்பாட்டை அடக்கியது ஒரு கூட்டம். அடக்க முடியாதபோது கொள்ளையடித்தது இன்னொரு கூட்டம்.

போர்க்காலத்தில் டிரினிடாடில் அமெரிக்கப் படைவீரர்கள் டாலரை வீசி நடத்திய கூத்தைக் கிண்டலடித்து லார்டு இன்வேடர் என்ற ரூபர்ட் கிராண்ட் 1943இல் 'ரம் அண்ட் கோக்கா கோலா' என்ற கலிப்ஸோவைப் பாடினார். மெட்டு லயனல் பெலாஸ்கோ பல ஆண்டுகளுக்கு முன் அமைத்தது. தீவுக்கு வந்துபோன அமெரிக்க நகைச்சுவை நடிகர் மோரி ஆம்ஸ்டர்டாம் அதைத் தம் பாட்டாகப் பதிவு செய்துகொண்டார். 1945இல் ஆண்ட்ரூஸ் சகோதரிகள் பாடி அமெரிக்காவையே கலக்கினார்கள். பணம் அங்கே கொட்டியது. பாட்டுக்காரன் இங்கே பட்டினி.

ஆனால் அவர்கள் அழுது புலம்பவில்லை. நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வரிகளின் உரிமை பெற்றிருந்த டிரினிடாட் பதிப்பாளர் முகம்மது கான் ஒரு வழக்கு. மெட்டுக்காகப் பெலாஸ்கோவின் பதிப்பாளர் மாரிஸ் பேரன் இன்னொரு வழக்கு. இரண்டிலும் எதிரி பெரிய அமெரிக்க இசைப் பதிப்பகம். இரண்டிலும் டிரினிடாட் தரப்பே வென்றது. ஆப்பிரிக்க வம்சாவளிப் பாடகனின் வரிகளுக்காக 'கான்' என்ற பெயர் கொண்டவர் நீதிமன்றம் ஏறிய அந்த வழக்கு, சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. பாடலை எழுதிவை, அச்சிடு, பதிவு செய், ஆதாரம் வைத்திரு. அன்பு மட்டும் பண்பாட்டைக் காப்பாற்றாது, ஆவணம் வேண்டும்.

2001இல் மறுபடியும் ஓர் அடி விழுந்தது. கரிபிய ஸ்டீல்பேன் தயாரிக்கும் ஒரு செய்முறைக்கு இரு அமெரிக்கர்கள் தம் நாட்டில் காப்புரிமை பெற்றார்கள். அது கருவிக்கு அல்ல, இயந்திர அழுத்தத்தால் குழிவாக்கும் முறைக்குத்தான் என்பது உண்மை. என்றாலும், கையால் அடித்து அடித்து அந்தக் கருவியை உருவாக்கிய மக்கள் தங்கள் அறிவுக்குச் சட்டக் காப்பு தேடத் தவறியிருந்தார்கள் என்பதும் உண்மை. டிரினிடாட் கொதித்தெழுந்தது. தாமதமாக வந்த விழிப்புத்தான், ஆனாலும் விழிப்பு.

லண்டன் கொடுத்த வரவேற்பு

1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. அதில் வந்த கலிப்ஸோ பாடகர் லார்டு கிச்சனர் செய்திப்படக் கேமராமுன் பாடிய காட்சியைப் பிரிட்டனில் இன்றும் காட்டிக் காட்டி மகிழ்கிறார்கள். பாடி வந்தவனின் மக்களுக்கு வீடு வாடகைக்குக் கிடைக்கவில்லை. 1958 ஆகஸ்டில் நாட்டிங் ஹில்லில் வெள்ளை இனவெறிக் கும்பல்கள் கரிபிய மக்களைத் தெருத்தெருவாக வேட்டையாடின.

அந்த வேளையில்தான் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்த கிளாடியா ஜோன்ஸ் என்ற வீரப்பெண்மணி எழுந்தார். கம்யூனிஸ்டு என்பதால் அமெரிக்காவில் சிறையிலிட்டு நாடுகடத்தப்பட்டவர். லண்டனில் 'வெஸ்ட் இந்தியன் கெஜட்' என்ற பத்திரிகை நடத்தியவர். வன்முறைக்குப் பதிலாக அவர் ஒரு விழாவைத் திட்டமிட்டார். 1959 ஜனவரி 30இல் செயின்ட் பாங்கிராஸ் நகர மண்டபத்தில் கரிபியக் கார்னிவல் நடந்தது. பி.பி.சி. ஒளிபரப்பியது. அந்த விழா மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி எதற்குப் போனது தெரியுமா? நாட்டிங் ஹில் சம்பவங்களில் தண்டனை பெற்ற இளைஞர்களின் அபராதத்தைக் கட்ட! முதல் கார்னிவலே வழக்குநிதி திரட்டும் கூட்டம் ஐயா! வெறும் ஆட்டம்பாட்டம் அல்ல.

அதே ஆண்டு மே மாதம் கெல்சோ காக்ரேன் என்ற ஆன்டிகுவா நாட்டுத் தச்சர் நாட்டிங் ஹில் பக்கத்தில் குத்திக் கொல்லப்பட்டார். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 1966இல் ரோன் லாஸ்லட் என்ற சமூகத்தொண்டர் நடத்திய தெருவிழாவில், ரஸ்ஸல் ஹெண்டர்சன் குழு ஸ்டீல்பேனோடு வீதியில் நடக்க, மக்கள் பின்னால் நடந்தார்கள். தெருக் கார்னிவல் அப்படிப் பிறந்தது.

அப்பகுதியில் ஃபிராங்க் கிரிச்லோ நடத்திய மாங்குரோவ் உணவகம் கரிபிய மக்களின் கூடுமிடம். ஒன்றரை ஆண்டில் காவல்துறை அதை 12 முறை சோதனையிட்டது. 1970 ஆகஸ்டில் எதிர்ப்பு ஊர்வலம் போன ஒன்பது பேர்மேல் கலகக் குற்றச்சாட்டு. ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் 55 நாள் விசாரணை. டார்கஸ் ஹவும் அல்தியா ஜோன்ஸ் லெகோயிண்டும் தமக்காகத் தாமே வாதாடினார்கள். கறுப்பின நடுவர்கள் வேண்டும் என்று மாக்னா கார்ட்டாவைக் காட்டியே கேட்டார்கள். 1971 டிசம்பரில் ஒன்பது பேருமே கலகக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. காவல்துறையிலும் இனவெறுப்பு இருந்ததற்குச் சான்று உண்டு என்று நீதிபதியே சொல்ல வேண்டியதாயிற்று. அந்த மாங்குரோவ்தான் பின்னாளில் தன் பெயரிலேயே ஸ்டீல்பேன் குழுவைக் கார்னிவலுக்குக் கொடுத்தது. நீதிமன்றமும் மேளமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

1976இல் சுமார் 3,000 காவலர்களைக் கார்னிவலில் இறக்கினார்கள். கைகலப்பு மூண்டது. உடனே "தெருவிழாவை நிறுத்து, விளையாட்டரங்குக்குள் அடை" என்ற குரல். ஏதாவது குற்றம் நடந்தால் அந்தக் குரல் இன்றும் எழுகிறது. கத்தி எடுத்தவனைப் பிடி, தண்டி. யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் கால்பந்தாட்டத்தில் கலாட்டா நடந்தால் கால்பந்தையே ஒழிக்கச் சொல்பவர் யார்?

1884 போய்விட்டது என்று நினைக்காதீர்கள். லண்டன் காவல்துறை 2005 முதல் '696ஆம் படிவம்' என்று ஒன்றை வைத்திருந்தது. இசை நிகழ்ச்சி நடத்துவோர் என்ன வகை இசை என்று முன்கூட்டியே அதில் எழுதிக்கொடுக்க வேண்டும். எந்த இனத்தார் கேட்க வருவார்கள் என்ற கேள்வியும் தொடக்கத்தில் இருந்தது. கறுப்பின இளைஞர்களின் இசையை முடக்கும் படிவம் என்று கலைஞர்கள் போராடி, 2017 நவம்பரில்தான் அது கைவிடப்பட்டது. தீப்பந்தம் போய்ப் படிவம் வந்தது, அவ்வளவே வேறுபாடு.

இதன் உச்சம் 2018இல் வெளிப்பட்டது. விண்ட்ரஷ் தலைமுறையினர், பிள்ளைகளாக வந்து அரை நூற்றாண்டாக வரி கட்டி உழைத்தவர்கள், "உன் காகிதம் எங்கே?" என்று கேட்கப்பட்டார்கள். அவர்கள் வந்திறங்கியதைக் காட்டும் அட்டைகளை 2010இல் உள்துறை அமைச்சே அழித்திருந்தது! சான்றை அழித்தவனே சான்று கேட்டான். வேலை போனது, மருத்துவம் மறுக்கப்பட்டது, குறைந்தது 83 பேர் தவறாக நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டுகளில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் கார்னிவல் வாழ்த்துச் செய்தி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

மேளம் வேண்டுமாம், மேளக்காரன் வேண்டாமாம்!

நம் தப்பு எங்கே?

இவ்வளவும் யாரோ கரிபியர் கதை என்று நினைத்தால் தவறு. காரைக்கால், புதுச்சேரி, சென்னைத் துறைமுகங்களிலிருந்து மார்ட்டினிக், குவாடலூப், கயானா போன்ற இடங்களுக்குப் போன நம் மக்கள் எதைக் கொண்டுபோனார்கள்? மாரியம்மனையும் தப்பு மேளத்தையும். கயானாவின் காளி கோயில்களில் இன்றும் தப்பு அதிர்கிறது. மார்ட்டினிக்கில் அதை 'தாப்பூ' என்கிறார்கள். மொழி மறந்துபோன மக்களிடம் மேளத்தின் பெயர் மட்டும் தமிழாக நிற்கிறது. குவாடலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்தியர் பிள்ளைகளுக்கு வாக்குரிமை கேட்டு 1904இல் தொடங்கிய சட்டப்போரை 1923 வரை விடாமல் நடத்தினார்.

அதே தப்பை, பறையை நாம் என்ன செய்தோம்? சாவு மேளம் என்றோம். அடிப்பவனைத் தீண்டாதே என்றோம். வெள்ளைக்காரன் ஆப்பிரிக்க மேளத்துக்குச் சொன்ன அத்தனை வசைகளையும் நாமே நம் மேளத்துக்குச் சொன்னோம். டிரினிடாடில் துரூபதி ராம்கூனாய் 1987இல் சட்னியும் சோக்காவும் கலந்து மேடையில் பாடியபோது, "இந்தியப் பெண் இப்படி ஆடலாமா?" என்று முதலில் பாய்ந்தவர்கள் வெள்ளையர் அல்லர், நம் பெரிய மனிதர்கள்தாம்! இன்று சட்னி சோக்கா இல்லாமல் அங்கே கார்னிவல் காலம் இல்லை.

பிரிவினையை உடைத்தவர்கள் மேடைப் பேச்சாளர்கள் அல்லர், கலைஞர்களே. ஜித் சாமரூ என்ற இந்திய வம்சாவளிக் கலைஞர், தோலக் வாசித்த தாயின் மகன், ரெனகேட்ஸ் என்ற ஸ்டீல்பேன் குழுவுக்கு இசை அமைத்து, பனோரமா போட்டியில் ஒன்பது முறை வெற்றி தேடித்தந்தார். 1884இல் ஒரே கையால் அடக்கப்பட்ட இரண்டு மேளங்களும் அவர் கையில் ஒன்றுசேர்ந்தன.

எப்படிக் கொண்டாடுவது?

சிலர் கேட்பார்கள்: "பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்? இசையை ரசித்துவிட்டுப் போகக்கூடாதா?" ரசியுங்கள். ஆனால் டிரினிடாட் மக்களையே பாருங்கள். கார்னிவலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை விடியுமுன், 1881ஆம் ஆண்டுப் போராட்டத்தைப் போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருவில் நடித்துக் காட்டிவிட்டுத்தான் கொண்டாட்டத்துக்குப் போகிறார்கள். நாட்டிங் ஹில்லில், 2017 ஜூனில் பக்கத்திலேயே கிரென்ஃபெல் அடுக்குமாடி தீயில் மாண்ட 72 பேருக்காக, கார்னிவல் நடுவே மேளங்களை நிறுத்தி 72 விநாடி அமைதி காக்கிறார்கள். அவர்களுக்கு நினைவும் ஆட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

எனவே எந்த அரசு எந்தச் சிறுபான்மையின் விழாவுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தாலும் நான்கு கேள்விகள் கேட்போம்.

ஒன்று: இந்த மேளத்தை எந்தச் சட்டம் எந்த ஆண்டில் தடை செய்தது? அதைப் பாடப்புத்தகத்தில் எழுதுவீர்களா?

இரண்டு: இந்த விழாவால் வரும் வருமானத்தில் மேளக்காரனுக்கு எவ்வளவு?

மூன்று: தெருவில் ஊர்வலம் போக உரிமையா, அல்லது ஆண்டுதோறும் கெஞ்சி வாங்கும் அனுமதியா? உரிமை என்றால் சட்டத்தில் எழுதுங்கள்.

நான்கு: விழா முடிந்த மறுநாள் அவனுக்கு வீடும் வேலையும் குடியுரிமையும் உண்டா?

நான்குக்கும் பதில் இல்லாத வாழ்த்து வெறும் விளம்பரம். நமக்கு வேண்டியது கைதட்டல் அல்ல, சமத்துவம்!

தோல் மேளத்தைப் பறித்தார்கள், மூங்கிலை எடுத்தான். மூங்கில் உடைந்தது, குப்பைத் தோம்பைத் தட்டினான். அந்தச் சத்தம் ஐ.நா. சபைவரை கேட்டது. ஒரு மக்கள் கூட்டம் தன் மேளத்தை விட்டுக்கொடுக்காதவரை அதை யாராலும் அடக்க முடியாது.

சிந்திப்போம்! ஒன்றுபடுவோம்! உரிமையோடு கொண்டாடுவோம்!